பழைய செப்புக் காசும் அதன் உண்மைப் பெறுமதியும்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என நீளும் எமது கரையோர ஊர்களில், மூத்தோரின் பெட்டகங்களிலிருந்து களிம்பேறிய செப்புக் காசுகள் வெளிப்படுவது புதினமன்று. ஆனால், அத்தகைய காசொன்று பல இலட்சம் ரூபாவுக்கு விலைபோகும் எனச் சமூக ஊடகங்களில் விளம்பரங்கள் வலம்வரும் இக்காலத்தில், எம்மிடமுள்ள காசு யாது, அதன் பெறுமதி யாது என அறிந்திருப்பது அவசியமாகின்றது.

இங்கு பரவலாகக் காணப்படுபவை இருவகையின. முதலாவது, ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் காசு. அதன் ஒரு பக்கத்தில் ஒன்றோடொன்று பின்னிய வீ, ஓ, சீ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகளும் ஆண்டும், மறுபக்கத்தில் முடிதரித்த கேடயமும் இருக்கும். 1726 முதல் அந்நூற்றாண்டின் இறுதிவரை நெதர்லாந்தின் பல மாகாணங்களில் இவை பெருந்தொகையாக அச்சிடப்பட்டன. 'துட்டு' என்ற சொல் இக்காசின் ஒல்லாந்தப் பெயரிலிருந்தே தமிழுக்கு வந்தது. நாம் இன்றும் பணத்தைக் குறிக்க வழங்கும் 'சல்லி'யும் அக்காலச் செப்புக் காசின் பெயரேயாகும்.

இரண்டாவது, பிரித்தானியர் 1870 ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட சதக் காசு. ஒரு பக்கம் விக்டோரியா மகாராணியின் அல்லது அவருக்குப் பின்வந்த மன்னரின் தலையும், மறுபக்கம் தாளிப்பனையும் காணப்படும். பெறுமதி சிங்களத்திலும் தமிழிலும் பொறிக்கப்பட்டிருக்கும். காற்சதம், அரைச்சதம், ஒரு சதம், ஐந்து சதம் என நான்கு அளவுகளில் இவை வெளிவந்தன.

பழமை மாத்திரம் விலையை நிர்ணயிப்பதில்லை. எத்தனை காசுகள் அச்சிடப்பட்டன, எத்தனை எஞ்சியுள்ளன, எழுத்தும் உருவமும் எவ்வளவு தேயாதுள்ளன, சேகரிப்போர் எத்தனை பேர் தேடுகின்றனர் என்பனவே அதனைத் தீர்மானிக்கின்றன. தேய்ந்த சதக் காசுக்குச் சாதாரணமாகச் சில நூறு ரூபாவே கிடைக்கும். தேய்ந்த ஒல்லாந்தக் காசும் சில ஆயிரம் ரூபாவைத் தாண்டுவது அரிது. ஒருவர் கேட்கும் விலை வேறு, உண்மையில் விற்பனையான விலை வேறு என்பதை மறத்தலாகாது.

போலியை இனங்காணச் சில எளிய வழிகளுண்டு. செம்பைக் காந்தம் ஈர்க்காது. நகைக்கடைத் தராசில் நிறுத்தால் அசல் ஒரு சதம் ஏறத்தாழ 4.7 கிராம் இருக்கும். விளிம்பில் பொருத்துக் கோடோ, மேற்பரப்பில் சிறு குமிழ்த் துளைகளோ தென்படின் அது வார்த்தெடுத்த போலியாக இருக்கலாம். தேசிக்காய், பழப்புளி, சாம்பல் கொண்டு காசை மினுக்குவது பெருந்தவறு. காலம் பூசிய நிறம் போனால் சேகரிப்போர் மதிக்கும் பெறுமதியும் போய்விடும்.

சட்டத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி, 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்டவை தொல்பொருள்களாகும். நிலத்தைத் தோண்டுகையில் அத்தகையவை கிடைத்தால் அவை அரசுக்குரியவை. அதிகாரிகளுக்கு அறிவித்தல் வேண்டும். அனுமதியின்றித் தொல்பொருளை நாட்டிற்கு வெளியே கொண்டுசெல்லவும் முடியாது.

வாங்குபவரைத் தேடித்தருவதாகக் கூறி முற்பணம் கேட்பவரிடம் ஒரு சதமேனும் கொடுத்தலாகாது. உண்மையில் வாங்க வருபவர் எம்மிடம் பணம் கேட்பதில்லை. குறையை மறைத்து விற்பதை மார்க்கமும் அனுமதிப்பதில்லை என்பதை விற்போரும் நினைவிற்கொள்ள வேண்டும்.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை எமது கரையோர வீடுகளோடு முன்னோரின் ஆவணங்களையும் பொருட்களையும் வாரிச்சென்றது. எஞ்சிய ஒரு துட்டும் எமது மூதாதையர் நடத்திய வணிகத்திற்கு ஒரு சாட்சியாகும். விலை சிறிதேயாயினும், கிடைத்த இடத்தையும் அதனை வைத்திருந்தவர் பெயரையும் எழுதி, காசோடு சேர்த்துப் பிள்ளைகளிடம் ஒப்படைப்போமாக.