கோர்ட்டு உத்தரவு முடிந்த பிறகு மாத்திரை தருவது யார்?

சித்தம் கலங்கியவரைச் சங்கிலியால் கட்டிவைக்கும் கொடுமையை நாடு உணர்ந்தது 2001 ஆகஸ்டு 6-ந் தேதி. அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கிடந்தவர்களால் தப்பி ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். சுப்ரீம் கோர்ட்டு தானாகவே வழக்கை எடுத்து, மாவட்டம்தோறும் இத்தகைய காப்பகங்களைக் கணக்கெடுக்க உத்தரவிட்டது.

பின்னர் வந்த 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்துவிட்டது. வீட்டில் ஒரு நோயாளி கொடுமைக்கு ஆளாகிறார் அல்லது கவனிப்பாரின்றிக் கிடக்கிறார் என்று தெரிந்தால், யார் வேண்டுமானாலும் போலீசில் தகவல் தரலாம். போலீசார் மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும்.

பத்து நாள் கெடு

மாஜிஸ்திரேட்டு நோயாளியை அரசு மனநல ஆஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்கு அனுப்பலாம். அங்கே சேர்த்துக்கொள்ளும்படி உத்தரவிட்டால், அது அதிகபட்சம் 10 நாள். உத்தரவு முடிந்துவிடும், நோய் முடியாது. வீடு திரும்பியவர் தொடர்ந்து மாத்திரை சாப்பிட வேண்டும். அதற்குப் பொறுப்பு யார்?

சட்டம் அந்தப் பொறுப்பை வைத்திருப்பது ஊர்ப் பஞ்சாயத்தின் மீதல்ல, அரசின் மீது. மாவட்டம்தோறும் மனநலச் சிகிச்சை இருக்க வேண்டும். நோயாளியை நெடுந்தூரம் அலையவிடக் கூடாது. அரசு பட்டியலில் உள்ள அத்தியாவசிய மருந்துகளைச் சமுதாய சுகாதார நிலையம் முதல் எல்லா அரசு ஆஸ்பத்திரிகளிலும் இலவசமாகத் தர வேண்டும். மாவட்டத்தில் அரசு வசதி இல்லையென்றால், அதே மாவட்டத்தில் வேறு இடத்தில் பார்த்துக்கொள்ளலாம். செலவு அரசைச் சேர்ந்தது.

எல்லையோரத் தமிழர் கவனத்துக்கு

"அதே மாவட்டம்" என்பது முக்கியம். 2022-ல் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. குப்பம் பக்கத்துச் சாந்திபுரம் சித்தூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. திருப்பதி ரூயா ஆஸ்பத்திரி வேறு மாவட்டம் ஆகிவிட்டது. விசாகப்பட்டினம் அரசு மனநல ஆஸ்பத்திரியோ மாநிலத்தின் மறுகோடியில். பக்கத்தில் இருக்கிறதே என்று வேலூர் பாகாயத்துக்குப் போனால், மாநிலமே வேறு. இந்தச் செலவு விதி அங்கே உதவாது. ஆகவே சித்தூரிலேயே சிகிச்சை கேட்பதுதான் உரிமை.

இந்தச் சட்டப்படியான விவரங்களை நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. தெலுங்கு தெரியாதவர் தமிழில் கேட்கலாம். இலவசச் சட்ட உதவியும் உண்டு.

ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துவரும் நாளில் உறவினர் இரண்டு விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்: அடுத்த மாத்திரை எந்தத் தேதியில், எந்த ஆஸ்பத்திரியில்?