முதலில் வரும் லிங்க் தான் சரியான லிங்க்கா?

கீரப்பாளையத்தில் அண்மையில் கம்ப்யூட்டர் வாங்கிய என் உறவினர் ஒருவரிடம், "தேடினால் பத்து லிங்க் வருகிறதே, எதைக் கிளிக் செய்வீர்கள்?" என்று கேட்டேன். "முதலில் வருவதைத்தான். அதுதானே சரியானது!" என்றார். அவர் மட்டுமல்ல, உலகமே அப்படித்தான்.

2006 ஆகஸ்ட்டில் ஏ.ஓ.எல். நிறுவனம், தன் வாடிக்கையாளர்கள் சுமார் 6,50,000 பேர் மூன்று மாதங்களில் தேடிய விவரங்களை ஆய்வுக்கென வெளியிட்டது. கண்டனம் எழவே பைலை நீக்கினார்கள். ஆனால், அதற்குள் பலர் டவுன்லோட் செய்துவிட்டனர். அதனை அலசியபோது, மொத்தக் கிளிக்குகளில் சுமார் 42 சதவீதம் முதல் லிங்க்கிற்கே போயிருந்தது. இரண்டாவதற்கு 12 சதவீதம்தான். அடுத்த பக்கங்களுக்குச் சென்றவை பத்தில் ஒன்று. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வில், கூகுளின் முதல் இரண்டு முடிவுகளை இடம் மாற்றிக் காட்டிப் பார்த்தார்கள். அப்போதும் மேலே இருந்ததற்கே அதிகக் கிளிக் விழுந்தது. நாம் படித்துப் பார்த்துக் கிளிக் செய்வதில்லை. இடத்தைப் பார்த்துச் செய்கிறோம்.

ஒரு லிங்க் எத்தனை முறை காட்டப்பட்டது, அதில் எத்தனை முறை கிளிக் செய்யப்பட்டது என்ற சதவீதத்திற்கு கிளிக் த்ரூ ரேட் என்று பெயர். உங்கள் கடைக்கு இணையதளம் இருந்தால், கூகுள் சர்ச் கன்சோல், பிங் வெப்மாஸ்டர் டூல்ஸ் ஆகிய இரண்டிலும் இதனை இலவசமாகப் பார்க்கலாம். ஆனால், இரண்டையும் அப்படியே ஒப்பிடக் கூடாது. ஒரு நெல் விதைக் கடையின் தளம் கூகுளில் 1,000 முறை காட்டப்பட்டு 30 கிளிக் பெறுகிறது என்று வைத்துக் கொள்வோம். இது 3 சதவீதம். பிங்கில் 100 முறைக்கு 8 கிளிக் என்றால் 8 சதவீதம். பிங் ஜெயித்ததா? கடைக்கு வந்தவர்கள் கூகுளில்தான் அதிகம். மேலும், பிங்கில் அந்தத் தளம் முதலிடத்திலும், கூகுளில் ஏழாவது இடத்திலும் இருந்திருக்கலாம். எனவே சராசரி இடத்தையும் சேர்த்துப் பாருங்கள். (விண்டோஸில் எட்ஜ் பிரவுசரை மாற்றாமல் அதன் முகவரிக் கட்டத்தில் தேடுபவர், தெரியாமலேயே பிங்கில் தேடுகிறார்! யாஹூவின் முடிவுகளும் பெரும்பாலும் பிங் தருபவையே.)

விளம்பரங்களின் கதை வேறு. தொடக்கத்தில் ஓவர்சூர் நிறுவனம், அதிகப் பணம் தருபவரின் விளம்பரத்தை மேலே வைத்தது. கூகுள் 2002ல், தரும் பணத்துடன் கிளிக் விகிதத்தையும் கணக்கில் எடுத்தது. ஓவர்சூரை வாங்கிய யாஹூ, 2007ல்தான் இந்த வழிக்கு வந்தது. எப்படியானாலும் மேலே இருப்பது காசு கொடுத்து வாங்கிய இடம்.

இப்போது அதற்கும் மேலே ஏ.ஐ. சுருக்கம் வந்துவிட்டது. பியூ ஆய்வு மையம் 2025ல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வின்படி, சுருக்கம் இல்லாத தேடல்களில் 15 சதவீதத்தில் லிங்க் கிளிக் செய்யப்பட்டது. சுருக்கம் வந்தவற்றில் 8 சதவீதம் மட்டுமே.

பாஸ்போர்ட்டிற்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று தேடுகிறீர்கள். அரசுத் தளம் போலவே தோற்றம் தந்து கட்டணம் பிடுங்கும் போலித் தளங்களும் உண்டு. லிங்க்கின் அருகே 'ஸ்பான்சர்டு' என்று இருக்கிறதா எனப் பாருங்கள். பின், மவுஸை லிங்க்கின் மீது கிளிக் செய்யாமல் வைத்திடுங்கள். பிரவுசரின் கீழ் மூலையில் முகவரி தெரியும். தளத்தின் பெயர் 'டாட் ஜிஓவி டாட் இன்' என முடிந்தால் மட்டும் கிளிக் செய்திடுங்கள்.