கியர்ப் பெட்டியும் அதற்குரிய எண்ணெயும்

கொழும்பு நகரின் வடகிழக்கு எல்லையில், பேஸ்லைன் வீதியும் அவிசாவளை வீதியும் சந்திக்கும் இடத்தை அண்டி அமைந்தது ஒருகொடவத்தை. சுங்கத்தின் கொள்கலன் முற்றம், தேசிய பயிலுநர் அதிகாரசபையின்கீழ் இயங்கும் மோட்டார் வாகனப் பொறியியற் பயிற்சி நிறுவனம், எண்ணற்ற சிறு கராஜுகள் ஆகியன அங்கு அருகருகே உள்ளன. சற்று அப்பால் கொலன்னாவை எண்ணெய்க் குதங்கள் தெரியும். அத்தகைய சூழலிலுள்ள கராஜொன்றில், கையாற் கியர் மாற்றும் பழைய கார் ஒன்றிற்கு எவ்வெண்ணெய் உகந்ததென நாம் வினவியபோது கிடைத்த விடை இது: “கியர் ஒயில் எல்லாம் ஒண்டுதானே, சேர். நல்ல தடிப்பானதாப் பாத்து ஊத்தினாச் சரி.”

இவ்விடையை அறியாமை எனத் தள்ளிவிடுதல் முறையாகாது. பாரவூர்திகளிலும் பின்சில்லுகளால் இயங்கும் வான்களிலும் பல்லாண்டு உழைத்த ஒருவரின் அனுபவம் அதிலுண்டு. அவ்வனுபவம் எங்கே பொருந்தும், எங்கே பிழைக்கும் என்பதே இங்கு ஆராயப்படுகின்றது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீளத் திறக்கப்பட்டது. இடையில், 2022 இல், ரூபாவின் பெறுமதி பெருவீழ்ச்சி கண்டது. எனவே பதினைந்து, இருபது ஆண்டு பழைய காரையே ஓட்டித் தீரவேண்டிய நிலை நடுத்தர வருவாயினருக்கு ஏற்பட்டது. பஞ்சிகாவத்தைக் கடைகளில் ஒரு தொகுதிப் பித்தளை வளையம் வாங்கக் கொடுக்கும் பணத்தோடு ஒப்பிடின், இரண்டு மூன்று லீற்றர் எண்ணெயின் விலை அற்பமே.

பித்தளை வளையம் எனக் குறிப்பிட்டது ஒருங்கிசைவு வளையத்தை. கராஜ் மொழியில் அது ‘சிங்குறோ’. இன்றைய கியர்ப் பெட்டியில் முன்னோக்கிய கியர்களின் பற்சில்லுகள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியே சுழல்கின்றன. நாம் கியர் மாற்றுகையில், வெவ்வேறு வேகத்திற் சுழலும் தண்டையும் பற்சில்லையும் ஒரே வேகத்திற்குக் கொணர்ந்த பின்னரே அவை பூட்டப்பட வேண்டும். கூம்பு வடிவான வளையம் பற்சில்லின் கூம்பை அழுத்திப் பிடித்து, உராய்வினால் அதனை விரைவுபடுத்தும் அல்லது மந்தப்படுத்தும். ஒரு கணத்தில் நிகழும் இவ்வேலை முற்றிலும் உராய்வையே நம்பியுள்ளது.

இவ்விடத்து ஒரு சொல்லைப் பற்றிக் கூறவேண்டும். நமது நாட்டில் இவ்வகை எண்ணெய்களை ‘உராய்வு நீக்கி’ என வழங்குகின்றோம். (மசகு எண்ணெய் என்பதை நம் செய்தித்தாள்கள் சுத்திகரிக்கப்படாத எண்ணெய்க்கு ஒதுக்கிவிட்டன.) எஞ்சினுக்குப் பொருந்தும் அச்சொல் கியர்ப் பெட்டிக்கு அரைகுறையாகவே பொருந்தும். பற்களுக்கிடையே உராய்வைத் தணித்து, அதே வேளையிற் கூம்புகளுக்கிடையே அதனைப் பேணுவதே இங்கு எண்ணெயின் பணி. வழுக்கல் மிகுந்த எண்ணெயில் வளையம் பிடிக்காது வழுவும். வேகங்கள் இணையுமுன் பற்கள் மோதும். ‘கர்ர்’ என்னும் ஓசை கேட்கும்.

அவ்வாறாயின் வழுக்கல் மிகுந்த எண்ணெய் எதற்காகத் தோன்றியது? பின்னச்சின் தேவைக்காகவே. 1926 இல் பக்கார்ட் கார்களில் ஹைப்பொயிட் என்னும் பற்சில்லமைப்பு புகுத்தப்பட்டது. அதனால் காரின் தளத்தைத் தாழ்த்த முடிந்தது. ஆனால் இவ்வமைப்பிற் பற்கள் உருளுவதோடு நில்லாது, ஒன்றன்மேலொன்று பெரும் அமுக்கத்துடன் வழுக்கியும் செல்லும். சாதாரண எண்ணெய்ப் படலம் அங்கே கிழிந்துவிடும். இதனைத் தடுக்கக் கந்தகம், பொசுபரசு ஆகியவற்றின் சேர்வைகள் எண்ணெயிற் கலக்கப்பட்டன. வெப்பமேறிய உருக்குப் பரப்போடு அவை தாக்கமுற்று மெல்லிய படலமொன்றை ஆக்கும். உருக்குக்குப் பதிலாக அப்படலமே தேயும்.

அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகத்தின் வகைப்படுத்தலில் ஜீ.எல்.-5 என்பது ஹைப்பொயிட் அமைப்புக்குரியது. மிதமான பளுவுக்குரிய ஜீ.எல்.-4 இல் மேற்கூறிய சேர்க்கைகள் ஏறத்தாழ அரைப்பங்கே. செறிவான கந்தகச் சேர்க்கை, வெப்பநிலை உயரும்போது செம்பையும் பித்தளையையும் அரிக்கவல்லது. இன்றைய சேர்க்கைகள் முன்னையவற்றைவிடச் சாந்தமானவை என்பது உண்மை; ஆயினும் கூம்பின் பிடிப்பைக் குறைக்கும் குற்றம் எஞ்சியே நிற்கும். மறுதலையாக, ஹைப்பொயிட் பின்னச்சில் ஜீ.எல்.-4 ஐ ஊற்றினால் பற்கள் தேயும். எண் பெரிதாயின் தரமும் உயர்வெனக் கொள்ளும் கடைக்காரரின் கணக்கு இங்கு செல்லாது.

எஞ்சின் குறுக்காக அமைந்த முன்சில்லு இயக்கக் கார்கள் பெரும்பாலானவற்றில் ஹைப்பொயிட் அமைப்பே இல்லை. ஆகையால் அவற்றுக்கு ஜீ.எல்.-5 இன் தேவை பொதுவாக எழுவதில்லை. முன்னச்சின் ஹைப்பொயிட் பற்சில்லும் கியர்ப் பெட்டியும் ஒரே எண்ணெயைப் பகிரும் சுபாரு போன்றவை விதிவிலக்கு, அவற்றுக்கு ஜீ.எல்.-5 ஐயே ஆக்கியோர் விதித்துள்ளனர். பழைய ஹொண்டாக்களுக்கு எஞ்சின் எண்ணெயே கூறப்பட்டது. பின்னர் தனியெண்ணெய் வந்தது. 1959 இல் வெளிவந்த மினியில் எஞ்சினும் கியர்ப் பெட்டியும் ஒரே எண்ணெயிலேயே குளித்தன. நம் வீதிகளில் இன்றும் காணப்படும் மொறிஸ் மைனரின் கியர்ப் பெட்டிக்கும் எஞ்சின் எண்ணெயே உரியது. இவற்றிலெல்லாம் ‘கியர் ஒயில்’ என்ற பெயரை மட்டும் நம்புவது ஆபத்தாகும்.

‘தடிப்பானது’ என்னும் கருத்துக்கு வருவோம். கியர் எண்ணெயின் பிசுக்குமை எண்ணும் எஞ்சின் எண்ணெயின் எண்ணும் வெவ்வேறு அளவுகோல்கள். 100 பாகை செல்சியசில் 90 ஆம் இலக்கக் கியர் எண்ணெய் ஏறத்தாழ 40 அல்லது 50 ஆம் இலக்க எஞ்சின் எண்ணெயின் தடிப்பையே உடையது. 75டபிள்யூ-90 என்பதில் முன்னெண் கடுங்குளிரிற் பாயும் இயல்பைக் குறிக்கும். கொழும்பில் அதற்கு அதிக வேலையில்லை. பின்னெண்ணே நமக்கு முக்கியம். வெப்ப நாடெனக் கருதி, 80 ஐ வேண்டும் பெட்டியில் 140 ஐ ஊற்றுவோர் உளர். அவ்வெண்ணெயை விலக்கிக்கொண்டு வளையம் கூம்பைப் பற்றச் சுணங்கும். காலையில் இரண்டாம் கியர் இறுகும்.

முன்னர் இத்தெரிவுக்கு இடமே சிறிதாயிருந்தது. 1961 இற் சட்டமாகிய பெற்றோலியக் கூட்டுத்தாபனம் விற்றதையே எல்லோரும் வாங்கினர். அதன் உராய்வு நீக்கிப் பிரிவு தனிக் கம்பனியாக்கப்பட்டு, 1994 இற் கால்டெக்சின் கைக்கு மாறியது. பின்னர் சந்தையும் திறக்கப்பட்டது. இன்று பல நாட்டுப் பெயர்கள் தட்டுகளில் நிறைந்துள்ளன. தெரிவு பெருகிய அளவிற்கு அதனை விளக்கும் தமிழ், சிங்களச் சொற்கள் போத்தல்களிற் பெருகவில்லை. ஆங்கிலக் கைந்நூலை வாசிக்கும் வாய்ப்பு உரிமையாளருக்கு உண்டு, வேலை செய்பவருக்கு அரிது. கைந்நூலின் அப்பக்கத்தைப் படியெடுத்து அவரிடம் கொடுத்தலே நாம் செய்யக்கூடிய உதவி.

வெள்ளம் பற்றியும் ஒரு சொல். 2016 மே மாதத்திற் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவைப் பகுதி நீரில் மூழ்கியது. அச்சுமட்டத்திற்கு மேல் நீரில் நின்ற காரின் கியர்ப் பெட்டிக்குள், அதன் காற்றுத்துளை வழியே நீர் புகலாம். எண்ணெய் பால்தேநீர் நிறமாயின் காலம் பாராது மாற்றவேண்டும். வடித்த எண்ணெயிற் பொன்துகள் போல் மின்னுவது வளையத்தின் பித்தளை. வடியும் ஆணியின் காந்தத்தில் ஒட்டும் கரிய பசை வழமையானதே. கையில் அகப்படும் உருக்குச் சில்லுகள் வழமையானவையல்ல.

வடிக்கும் ஆணியைத் திறக்குமுன் ஊற்றும் ஆணி கழல்கின்றதா எனப் பார்த்துக்கொள்க. துருவேறி இறுகிய அதனைக் கழற்ற முடியாமல், எண்ணெய் முழுதும் வடிந்த காரோடு மாலைவரை காத்திருந்தோரை ஒருகொடவத்தையிற் கண்டிருக்கின்றோம்.