மேடு ஏறினால் நின்றுவிடும் வைப்பர்!

மழை கொட்டுகிறது. கார் மேடு ஏறுகிறது. முன்னால் ஒரு லாரி மெதுவாகப் போகிறது. அதைத் தாண்டிவிடலாம் என்று டிரைவர் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்கிறார். எஞ்சின் உறுமுகிறது. அதே நேரத்தில், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த வைப்பர் பாதியில் நின்றுவிடுகிறது!

எதிரே என்ன வருகிறது? தெரியாது. கண்ணாடி முழுவதும் தண்ணீர்.

இது கோளாறு அல்ல. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஓடிய பழைய கார்கள் பலவற்றின் சுபாவமே இதுதான். அவற்றின் வைப்பருக்கு மின்சாரம் கிடையாது. எஞ்சின் இழுக்கும் மூச்சுதான் அதை ஆட்டியது.

சைக்கிள் மீது மோதிய கார்

1917-ம் ஆண்டு. அமெரிக்காவில் உள்ள பஃபலோ நகரம். அங்கே நாடகக் கொட்டகை மானேஜராக இருந்தவர் ஜான் ஓஷாய். மழையில் கார் ஓட்டிச் சென்ற அவர், சைக்கிளில் வந்த ஒருவர் மீது மோதிவிட்டார். கண்ணாடியில் வழிந்த நீரில் ஆள் தெரியவில்லை. நல்ல வேளை, சைக்கிள்காரருக்குப் பெரிய காயம் இல்லை. ஆனால் ஓஷாய் அதை மறக்கவில்லை. வைப்பர் விற்கும் கம்பெனி ஒன்றைத் தொடங்கினார். அதுதான் பிறகு "டிரிக்கோ" என்று பெயர் பெற்றது.

முதலில் விற்றது கையால் இழுக்கும் வைப்பர். பிறகு வந்தது எஞ்சினின் உறிஞ்சு சக்தியால் ஓடும் வைப்பர். எஞ்சின் எப்படியும் காற்றை உறிஞ்சுகிறது. அந்தச் சக்தி செலவில்லாமல் கிடைக்கிறது. விடுவார்களா?

எப்படி ஓடுகிறது?

எஞ்சினிலிருந்து ஒரு ரப்பர் குழாய் வைப்பர் மோட்டாருக்குப் போகிறது. மோட்டார் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு சிறு டப்பா. அதற்குள் ஒரு தகடு. ஒரு பக்கத்துக் காற்றை எஞ்சின் உறிஞ்சினால் தகடு அந்தப் பக்கம் சாயும். உடனே வால்வு மாறும். தகடு மறுபக்கம் சாயும். அதோடு வைப்பரும் ஆடும்.

வண்டி நிற்கும்போது நல்ல எஞ்சினின் உறிஞ்சு சக்தி, அளக்கும் கருவியில் 17 முதல் 21 அங்குலம் வரை காட்டும். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் முள் பூஜ்யத்தை நெருங்கிவிடும். வைப்பர் நிற்பது அதனால்தான். இறக்கத்தில் காலை எடுத்தாலோ, வெறி பிடித்ததுபோல் ஆடும்!

முதலில் குழாயைப் பாருங்கள்

இருக்கிற சக்தியே கொஞ்சம். அதிலும் ஓட்டை விழுந்தால்? பழைய ரப்பர் குழாய் வெடித்துக் காற்று கசியும். வைப்பர் சோம்பும். எஞ்சினும் நின்ற இடத்தில் திணறும். கார்புரேட்டரைக் கழற்றி வீணாக அல்லாடுவோர் உண்டு.

சோதிப்பது சுலபம். எஞ்சினை ஓடவிட்டு, மோட்டார் பக்கத்தில் குழாயைக் கழற்றி, வாயில் விரலை வையுங்கள். விரலைப் பலமாக இழுத்தால் குழாயில் குற்றமில்லை. இழுக்காவிட்டால் புதுக்குழாய் வேண்டும். சுவர் தடித்ததாக வாங்க வேண்டும். மெல்லிய குழாய் உறிஞ்சும்போது சப்பிக்கொள்ளும்.

அடுத்தது மோட்டார். தகட்டின் ஓரத்தில் காற்றை அடைக்கத் தோல் வைத்திருப்பார்கள். தோல் காய்ந்தால் காற்று நழுவும். பெட்ரோல் ஊற்றிக் கழுவக் கூடாது. தோலில் உள்ள எண்ணெய்ப் பசையும் போய், அது கட்டைபோல் ஆகிவிடும். மாட்டுக் கால் எலும்பிலிருந்து எடுக்கும் எண்ணெய் இதற்கு ஏற்றது. குழாய் மாட்டும் துளையில் சில சொட்டு விட்டால் தோல் மீண்டும் இளகும்.

வைப்பரின் கையைப் பிடித்துத் தள்ளுவதும் தவறு. உள்ளே பழுதாகலாம். காய்ந்த கண்ணாடியில் ஓட்டினால் மோட்டார் திணறும்.

புகை வந்தால்?

மேட்டிலும் வைப்பர் நிற்காதிருக்க, சில கார்களில் பெட்ரோல் பம்போடு இன்னொரு உறிஞ்சு பம்பையும் சேர்த்தார்கள். அதன் ஜவ்வு கிழிந்தால் எஞ்சின் எண்ணெயே உறிஞ்சப்படும். வைப்பர் சோம்புவதோடு, பின்னால் நீலப் புகையும் வரும். எஞ்சின் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டுமுன் இந்த ஜவ்வைப் பார்ப்பது நல்லது. செலவு பெரிதும் குறையும்.

சிலர் இப்போது மின்சார மோட்டார் பொருத்திக்கொள்கிறார்கள். பழையதையே வைத்திருப்பவர்கள் மழையில் மேடு ஏறும்போது ஒரு நொடி காலைத் தூக்குகிறார்கள். வைப்பர் இரண்டு தடவை வீசும். பாதை தெரிந்த பிறகே மீண்டும் மிதிக்கிறார்கள்.