கல்லீரலுள் நீர் நடமாடும் கணக்கு

போர்ட் கிள்ளானில் என் நண்பர் ஒருவர் இருக்கிறார். தோட்டப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகள் தமிழ் போதித்து ஓய்வு பெற்றவர். சென்ற ஆண்டு அவருடைய கல்லீரலைக் காந்த ஒத்ததிர்வுப் படக்கருவியில் ஆய்ந்தனர். அறிக்கையில் 1.4 என்றோர் எண் காணப்பட்டது. ஆறு திங்கள் கழித்து வேறொரு மருத்துவமனையில் எடுத்த படத்தில் அவ்வெண் 1.0 என வந்தது. ஈரல் இறுகினால் இவ்வெண் குறையும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். வீட்டில் ஒரே அழுகை. பின்னர் மருத்துவர் ஒருவர் இரண்டு அறிக்கைகளையும் அருகருகே வைத்துப் பார்த்து, மாறியது ஈரலன்று, அளந்த முறையே என்று விளக்கினார். ஒரே ஈரல் இரண்டு எண்களைத் தருவது எங்ஙனம்? இவ்வினாவை ஈண்டு ஆராய்வோம்.

விரவல் என்பது யாது?

ஒரு குவளை நீரில் ஒரு துளி மை விட்டு, கலக்காமல் வைத்துவிட்டாலும் மை மெல்ல மெல்ல எங்கும் கலந்துவிடுகிறது. நீரின் மூலக்கூறுகள் ஓயாமல் ஒன்றோடொன்று மோதித் திசையின்றி அலைவதே காரணம். இதனை விரவல் என்போம். 1827-இல் இராபர்ட் பிரவுன் என்னும் தாவரவியலறிஞர், மகரந்தத்திலிருந்து வெளிப்பட்ட நுண்துகள்கள் நீரில் துடிதுடிப்பதைக் கண்டார். 1905-இல் ஐன்ஸ்டைன் அதற்குக் கணக்கு வகுத்தார். அஃதாவது, திசையின்றி அலையும் துகள் இருமடங்கு தொலைவு செல்ல நான்கு மடங்கு காலம் ஆகும். இவ்வலைவின் கணிதத்தை 1943-இல் விரிவாகத் தொகுத்து எழுதியவர், தமிழ்க் குடும்பத்தில் பிறந்து வானியலில் பெரும்புகழ் பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் ஆவார்.

உடலின் வெப்பத்தில் தூய நீரின் மூலக்கூறு, ஒரு வினாடியின் இருபதில் ஒரு பங்குக்குள், ஒரு திசையில் சராசரியாக 17 மைக்குரோமீட்டர் அலையும். கல்லீரலுக்குள் அதே காலத்தில் ஏறக்குறைய 10 மைக்குரோமீட்டர்தான் அலைகிறது. உயிரணுக்களின் சவ்வுகளும் உள்ளுறுப்புகளும் வழிமறிப்பதே இதற்குக் காரணம். ஆகவே, நீரின் நடையை அளந்தால் அது நடக்கும் இடத்தின் இயல்பை அறியலாம்.

கருவி எவ்வாறு அளக்கிறது?

உடற்பயிற்சி வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். மாணவர் அனைவரும் ஒரே வரிசையில் முன்னோக்கி நிற்கின்றனர். ‘அவரவர் நிற்கும் இடத்தின் எண்ணுக்கு ஏற்ப வலப்பக்கம் திரும்புங்கள்’ என்கிறார் ஆசிரியர். முதலிடத்தில் நிற்பவன் சிறிது திரும்புகிறான். பத்தாம் இடத்தில் நிற்பவன் மிகுதியாகத் திரும்புகிறான். சற்றுப் பொறுத்து, ‘இப்பொழுது நிற்கும் இடத்தின் எண்ணுக்கு ஏற்ப இடப்பக்கம் திரும்புங்கள்’ என்கிறார். யாரும் இடம் மாறாதிருந்தால் எல்லாரும் மீண்டும் முன்னோக்கி நிற்பர். இடையில் இடம் மாறிக்கொண்டிருந்தால் ஆளுக்கொரு திசையில் நிற்பர்.

நீரிலுள்ள ஐதரசன் அணுக்கருக்கள் இம்மாணவர்களைப் போன்றவை. காந்தப் புலத்தை இடத்துக்கு இடம் சரிவாக மாற்றி முதற் கட்டளையும், பின்னர் இரண்டாம் கட்டளையும் தருகிறது கருவி. இடம் மாறாதவை ஒன்றுகூடி வலிய சைகை தரும். அலைந்தவை ஒன்றையொன்று அழித்துச் சைகையைக் குறைக்கும். 1965-இல் ஸ்டெஸ்கல், டானர் என்னும் இருவர் இம்முறையை வகுத்தனர். கட்டளையின் வலிமையையும் இடைவெளியையும் சேர்த்துக் குறிப்பதற்கு ‘பி எண்’ என்று பெயர். பி எண் கூடக்கூடச் சைகை குறையும். அது குறையும் வேகத்தைக் கொண்டு விரவலின் அளவைக் கணிக்கிறார்கள். அறிக்கையில் காணும் 1.4, 1.0 போன்ற எண்கள், வினாடிக்கு ஒரு சதுர மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்னும் அலகில் சொல்லப்படுவன.

இரண்டு ஓட்டங்கள்

மூளைக்கு ஒருவாறு பொருந்திய இக்கணக்கு கல்லீரலில் இடறுகிறது. கல்லீரல் குருதி நிறைந்த உறுப்பு. நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் குருதி அதனுள் பாய்கிறது. அதில் முக்காற் பங்கு குடலிலிருந்து வரும் வாயிற் சிரை வழியாகவும், எஞ்சியது தமனி வழியாகவும் வருகிறது. நுண்குழல்கள் எத்திசையிலும் வளைந்து செல்வதால், அவற்றுள் ஓடும் குருதியும் கருவியின் கண்ணுக்கு மிக வேகமான விரவல் போலவே தோன்றும். பாயும் நீர்மம் ஒத்ததிர்வுச் சைகையை மாற்றும் என்பதை 1951-இலேயே பெங்களூரில் ஜி. சூரியன் என்னும் அறிஞர் ஆய்ந்து வெளியிட்டிருந்தார். 1986-இல் பிரான்சு நாட்டு மருத்துவ அறிஞர் தெனி லெ பியான், குருதியின் ஓட்டத்தையும் நீரின் விரவலையும் பிரித்துக் காணும் கணித மாதிரியை வகுத்தார். முன்னதை நாம் ஊடோட்டம் எனலாம்.

அம்மாதிரி கூறுவது யாதெனில்: சைகையை இரண்டு பங்காகக் கொள்க. ஒரு பங்கு மெல்ல விரவும் நீர். மற்றது விரைந்தோடும் குருதி. எளிமைக்காக நூறு அளவுள்ள சைகையில் 75 நீருக்கும் 25 குருதிக்கும் உரியது என்போம். நீரின் விரவல் 1.0, குருதியின் போலி விரவல் 70 என வைத்துக்கொள்வோம். பி எண் 50 ஆகும்போதே குருதியின் பங்கு ஏறக்குறைய முழுதும் மறைந்து, சைகை 72 ஆகிறது. பி எண் 200-இல் 61, 800-இல் 34.

இனி, பி எண் 0, 800 ஆகிய இரண்டை மட்டும் எடுத்து ஒரே ஓட்டமெனக் கணக்கிட்டால் விடை 1.36 வரும். 50, 800 ஆகியவற்றை எடுத்தால் 1.01 வரும். 0, 200 என்று எடுத்தாலோ 2.4-க்கு மேல் போகும்! ஈரல் ஒன்றே, விடைகள் மூன்று. நண்பரின் வீட்டில் அழுகையை உண்டாக்கிய வேறுபாடு இதுவே. முதல் மருத்துவமனை சுழியத்திலிருந்து தொடங்கியது; இரண்டாவது 50-இலிருந்து தொடங்கியது.

மாதிரியின் எல்லை

பிரித்தறிவதால் பயன் உண்டு. 2008-இல் பிரான்சில் லூசியானி குழுவினர் நடத்திய சிறிய முன்னோட்ட ஆய்வில், ஈரல் இறுக்கம் உற்றோரிடம் குறைந்து காணப்பட்டது பெரும்பாலும் குருதியின் விரைவே. நீரின் விரவல் குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லை. ஒற்றை எண்ணை மட்டும் பார்ப்பவர் இதனை அறிய இயலாது.

ஆயினும் இடர்கள் பல. குருதியின் பங்கு சிறிய பி எண்களிலேயே மறைந்துவிடுவதால், அங்கே பல படங்கள் எடுத்தாலன்றி அதன் விரைவு உறுதியாகக் கிட்டாது. மூச்சு ஈரலை மேலும் கீழும் நகர்த்துகிறது. இதயத் துடிப்பு இடப்பக்க மடலை உலுக்கி, எண்ணைப் பொய்யாக உயர்த்துகிறது. ஈரலில் இரும்புச் சத்து மிகுந்தால் சைகையே மங்கிவிடும். ஆகவே, ஈரற் கட்டிகளைக் காண்பதற்கு விரவற் படம் இன்று வழக்கத்தில் இருப்பினும், இறுக்கத்தை அளப்பதற்குரிய வழக்கமான சோதனையாக இவ்விரட்டை மாதிரி இன்னும் நிலைபெறவில்லை.

தமிழாசிரியர்களுக்கு இது எளிதில் விளங்கும். முகத்தை நிலவு என்று உவமித்தால், முகம் நிலவாகிவிடாது. கணித மாதிரியும் ஓர் உவமையே. எந்தப் பொதுத்தன்மை பற்றி உவமித்தார்கள் என்று கேளாமல் பொருள் கொண்டால் பிழை நேரும். அங்ஙனமே, எந்தப் பி எண்களைக் கொண்டு, எந்த மாதிரியால் கணித்தார்கள் என்று கேளாமல் ஓர் எண்ணைக் கண்டு அஞ்சுவதும், ஆறுதல் கொள்வதும் தவறாம். மறுமுறை படமெடுக்க நேர்ந்தால், கூடியவரை அதே கருவியில் அதே முறையில் எடுக்கும்படி மருத்துவரைக் கேளுங்கள். பழைய அறிக்கையையும் உடன் கொண்டு செல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்கு ஈரல் அழற்சி ‘பி’ தடுப்பூசி போடத் தொடங்கியது 1989-இல். அதற்கு முன் பிறந்த என் போன்றோர் பலருக்கு அப்பாதுகாப்பு பிறப்பில் கிட்டவில்லை. தோட்டத்துக் கள்ளும் சம்சுவும் எத்தனை ஈரல்களைக் கெடுத்தன என்பதையும் நாம் கண்ணாரக் கண்டவர்களே. விலையுயர்ந்த படத்துக்கு முன்னே எளிய குருதிச் சோதனை ஒன்று இருக்கிறது. அதனைச் செய்துகொள்ள நாணவேண்டா. நண்பர் இப்பொழுது நலமாக இருக்கிறார். இரண்டு அறிக்கைகளையும் ஒரே உறையில் இட்டு, மேலே அவ்வவற்றின் பி எண்களைத் தம் கையாலேயே எழுதி வைத்திருக்கிறார்.