வாடகையும் பழுதுபார்த்தலும்

உணவும் உடையும் போலவே உறையுளும் மனிதனுக்கு இன்றியமையாதது. சொந்த வீடில்லாதோர் அதனை வாடகைக்குப் பெறுகின்றனர். வீட்டுச் சொந்தக்காரர் ஒழுகும் கூரையைச் செப்பனிடாவிடின், குடியிருப்போர் வாடகையை நிறுத்தலாமா? எளிதாகத் தோன்றும் இவ்வினாவுக்கு ஆங்கிலப் பொதுச் சட்டம் நெடுங்காலம் 'இயலாது' என்றே விடையிறுத்து வந்தது.

இதற்குக் காரணம் அச்சட்டம் தோன்றிய சூழலே. மத்தியகால இங்கிலாந்திற் குத்தகை என்றால் நிலமே பொருள். பணம் மண்ணுக்காகவே கொடுக்கப்பட்டது. அதன்மேல் நின்ற குடிசையை உழவனே செப்பனிட வல்லவன். ஆதலின் நிலத்தைக் கையளித்ததும் சொந்தக்காரரின் கடமை முடிந்தது. பழுதுபார்ப்பதாக அவர் வாக்களித்திருப்பினும் அவ்வாக்கு வேறு, வாடகை வேறு. ஒன்று மீறப்படினும் மற்றது நிற்கும். உள்நாட்டுப் போரில் ரூபேட் இளவரசரின் படையினரால் நிலத்தைவிட்டுத் துரத்தப்பட்ட ஒருவர்கூட, அக்காலத்துக்குரிய குத்தகைப் பணத்தைச் செலுத்தவேண்டுமென 1647 இல் தீர்ப்பாயிற்று!

உழவனுக்கேற்ற இவ்விதி நகரத்து மாடிவீட்டில் வாழும் தொழிலாளிக்கும் அப்படியே பொருத்தப்பட்டமைதான் விந்தை. கட்டடம் முழுவதற்கும் பொதுவான நீர்க்குழாயை அவன் எங்ஙனம் திருத்துவான்?

அமெரிக்கத் தலைநகராகிய வாஷிங்டனில் 'கிளிப்டன் ரெறஸ்' என்னும் மாடிக் குடியிருப்பினர் சிலர் 1966 ஏப்ரல் மாத வாடகையைச் செலுத்தவில்லை. உரிமையாளரான கம்பனி அவர்களை வெளியேற்ற வழக்குத் தொடுத்தது. நகர வீடமைப்பு விதிகள் அங்கு ஏறத்தாழ 1,500 வகையில் மீறப்பட்டிருந்தன எனக் காட்ட அவர்கள் முயன்றனர், கீழ்நீதிமன்றங்கள் செவிசாய்க்கவில்லை. 1970 இல் மேன்முறையீட்டு நீதிபதி ஸ்கெலி றைற் பழைய கொள்கையைக் கைவிட்டார். நகரவாசி பெறுவது வெறும் நிலமன்று. சுவரும் கூரையும் நீரும் வெப்பமும் ஒளியும் சேர்ந்த வாழிடமாகும். அதனை விதிகளுக்கமையப் பேணுதல், குத்தகைப் பத்திரத்தில் எழுதப்படாவிடினும், உரிமையாளரின் கடமையாம். அது தவறின் வாடகை முழுவதுமோ ஒரு பகுதியோ செலுத்தற்குரியதன்று.

இலங்கையில் வழங்கும் உரோமன் டச்சுச் சட்டமோ வாடகையை ஓர் ஒப்பந்தமாகவே கருதி, வாடகைப் பொருளை உபயோகத்துக்கு ஏற்ற நிலையிற் பேணும் பொறுப்பை உரிமையாளர்மீதே வைத்தது. றைற் வந்தடைந்த இடத்தில் அது முன்னரே நின்றது எனலாம்.

ஆயினும் முறையிட்டால் வீடே போய்விடும் என்ற அச்சம் உள்ளவரை இத்தகைய உரிமை ஏட்டளவினதே. இவ்வகையில் அதே நீதிபதி 1968 இல் வழங்கிய தீர்ப்பைப் பின்னையதினும் பெரிதாக மதித்தல் தகும். ஒரு பெண் சுகாதாரக் குறைகளை நகர அதிகாரிகளிடம் முறையிட்டார்; அவர்கள் வந்து பார்த்து நாற்பதுக்கு மேற்பட்ட மீறல்களைக் கண்டனர். உரிமையாளர் 30 நாளில் வெளியேறுமாறு அவருக்கு அறிவித்தல் கொடுத்தார். வேறு காரணத்துக்காகவோ காரணமின்றியோ வெளியேற்றலாம். முறையிட்டதற்குப் பழிவாங்க வெளியேற்றல் ஆகாது என்றது மன்றம்.

பழிவாங்கும் நோக்கத்தை மெய்ப்பித்தல் எளிதன்று. வாடகையை நிறுத்துவோரும் அப்பணத்தைச் செலவிடாது வைத்திருத்தல் வேண்டும். வழக்கு முடியும்வரை அதனை மன்றிலே கட்டுமாறு வாஷிங்டன் நீதிமன்றங்கள் பணிக்கலாம். ஒரு பகுதி செலுத்தற்குரியதெனத் தீர்ந்தால், அதைக் கட்டுவோரே வீட்டில் தொடர்ந்திருக்க இயலும்.