போலந்துக் கதையும் கணினி விளையாட்டும்

நூலொன்றை நாடகமாக்குவதில் உள்ள இடர்ப்பாடுகளைப் பற்றியும், திரைப்படமாக்குவதில் நேரும் இழப்புக்களைப் பற்றியும் நம்மிடையே நிறையப் பேசியாயிற்று. கணினி விளையாட்டாக்குவதைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் இலக்கிய அன்பர் பலர் முகஞ் சுளிக்கின்றனர். சிறுவர் பொழுதுபோக்கிற்குத் திறனாய்வு எதற்கு என்பது அவர்கள் கேள்வி. அதற்கு விடையாக நான் எடுத்துக்காட்ட விரும்புவது, போலந்து எழுத்தாளர் அன்ஜேய் சப்கோவ்ஸ்கியின் 'விட்சர்' கதைத் தொடரையும் அதிலிருந்து பிறந்த விளையாட்டையுமாகும்.

சப்கோவ்ஸ்கி பொருளியல் கற்றவர். அயல்நாட்டு வாணிபத் துறையில் பணியாற்றியவர். போட்டியொன்றிற்கென அவர் எழுதிய சிறுகதை 1986இல் 'பன்தாஸ்திக்கா' என்னுஞ் சஞ்சிகையில் வெளிவந்தது. கூலி பெற்றுக்கொண்டு பேய்களையும் கொடுவிலங்குகளையும் வேட்டையாடும் கெரால்ட் என்பவனே அதன் நாயகன். மேலும் பல சிறுகதைகள் தொடர்ந்தன. பின்னர் 1994 முதல் 1999 வரை ஐந்து நாவல்கள். கெரால்ட், அவன் காதலித்த மந்திரக்காரி யெனிபர், அவன் மகளெனப் பேணிய சீரி ஆகிய மூவரின் கதையாகத் தொடர் விரிந்தது.

இத்தொடரின் உயிர்நாடி வாட்போரிலன்று, தேர்வில் இருக்கிறது. 'சிறு தீமை' என்று பொருள்படும் தலைப்புடைய கதையில், இளவரசியைக் கொல்லும்படி மந்திரவாதி கெரால்டை வேண்டுகிறான். மந்திரவாதியைக் கொல்லும்படி இளவரசி வேண்டுகிறாள். இரண்டையும் மறுத்தவன் ஈற்றில் சந்தை வெளியிலே அவளையும் அவள் கூட்டத்தாரையும் வெட்ட நேர்கிறது. ஊரார் கல்லெறிகின்றனர், 'கசாப்புக்காரன்' என்னும் பட்டமும் அவனுடன் ஒட்டிக்கொள்கிறது. தேர்ந்தெடுக்க மறுப்பதும் ஒரு தேர்வுதான் என்பதை இவ்வளவு கூர்மையாகச் சொன்ன கதைகளை நான் அதிகம் படித்ததில்லை.

வார்சோ நகரத்துச் சீ. டீ. புரொஜெக்ட் நிறுவனம், பிறநாட்டு விளையாட்டுக்களைப் போலந்து மொழியிற் பெயர்த்து விற்றுவந்த நிறுவனம். அது 2007இல் தன் முதற் படைப்பாக 'விட்சர்' விளையாட்டை வெளியிட்டது. நூலில் உள்ளதை அப்படியே திருப்பிச் சொல்ல அவர்கள் முயலவில்லை. இறுதி நாவலின் முடிவில், ஊர்க்கலவரம் ஒன்றிற் கெரால்ட் கவைக்கோலாற் குத்துண்டு வீழ்கிறான். அவனைக் காக்க முயன்ற யெனிபரும் சாய்கிறாள். இருவரையும் சீரி படகேற்றி எங்கோ கொண்டு போகிறாள். விளையாட்டோ அதன் பின்னர், நினைவிழந்த கெரால்ட் திரும்பி வருவதிலிருந்து தொடங்குகிறது. நினைவிழப்பு மலிவான உத்தியே. ஆயினும் இவ்விடத்தில் அது பொருந்துகிறது. நூல் படியாத ஆட்டக்காரனுக்கு அவ்வுலகம் புதிது, நாயகனுக்கும் புதிது. இருவரும் ஒன்றாகவே அறிந்துகொள்கின்றனர். நன்னூலார் வகுத்த முதல், வழி, சார்பு என்னும் மூன்றனுள் இதனைச் சார்பு நூலின் பாற்படுத்தலாம் என்பது என் கருத்து. (கடைசி நாவல் ஆங்கிலத்தில் வந்தது 2017இலேதான். ஆங்கிலத்தில் மட்டும் படிப்போருக்குக் கதையின் முடிவைவிட அதன் தொடர்ச்சியே பத்தாண்டு முந்திக் கிடைத்தது!)

அம்முதல் விளையாட்டிற் குறைகள் உண்டு. கெரால்டுடன் கூடிய பெண்ணொவ்வொருத்திக்கும் ஒரு படச்சீட்டை ஆட்டக்காரனுக்குப் பரிசாகத் தந்தார்கள். யெனிபரைப் படைத்த ஆசிரியரின் கதைக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு வேண்டியதில்லை. 2011இல் வந்த இரண்டாவதில் அது ஒழிந்தது.

2015இல் வெளிவந்த மூன்றாவதே நான் சொல்ல விழைவது. போரினாற் பாழ்பட்ட சதுப்பு நிலத்தை ஆளும் குடிகாரத் தலைவன் ஒருவன் வருகிறான். மனைவியும் மகளும் அவனை விட்டு ஓடிவிட்டனர். அவன் மனைவியை அடித்தவன்; அவள் கருவுங் கலைந்தது. பெயரிடாது புதைக்கப்பட்ட அக்கரு, சிலாவிய நாட்டார் நம்பிக்கையின்படி, பேயாய் அலைகிறது. அதை வாளால் வெட்டலாம்; அல்லது தந்தையின் கையிற் கொடுத்து, பெயரிட்டு, வாசற்படியின் கீழ் அடக்கஞ் செய்து வீட்டுக் காவல் தெய்வமாக்கலாம். நான் பின்னதையே தேர்ந்தேன். மனைவியை அடித்த கொடியவன் அச்சிறு பேயை ஏந்தி நடக்கையில் அவன்மேல் எனக்கு இரக்கம் பிறந்தது. அந்த இரக்கம் எனக்கே பிடிக்கவுமில்லை.

அதே கதையில், மரத்தடியிற் கட்டுண்ட ஆவியொன்று விடுதலை கேட்கிறது. விடுவித்தால் அனாதைப் பிள்ளைகள் சிலர் பிழைப்பர். ஆனால் அத்தலைவனின் மனைவி மாள்வாள், அவன் தூக்கிட்டுக்கொள்வான். கொன்றால் மனைவி சித்தம் பேதலித்தும் உயிரோடிருப்பாள். பிள்ளைகள் சூனியக்காரியருக்கு இரையாவர். தேரும் வேளையில் இவை ஒன்றும் நமக்குத் தெரியா. நெடுநேரஞ் சென்றே விளைவு வந்து நிற்கும். கதையிலே கெரால்டின் பழியை நாம் பார்த்திருந்தோம். இங்கே பழி நம் கையில் வந்து சேர்கிறது. நூலின் ஒரு வரியையும் எடுத்தாளாமலே அதன் உள்ளத்தை வேறொரு கலைக்குள் கொண்டுவந்தமை பெருஞ் சாதனை. ஆனால் காணாமற்போன சீரியைத் தேடி அல்லலுற வேண்டியவன், வழியிலுள்ள சத்திரமெங்கும் சீட்டாடிக்கொண்டிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

இனி ஆசிரியர் பக்கம். சப்கோவ்ஸ்கி உரிமையை விற்றபோது இலாபப் பங்கை வேண்டாது மொத்தத் தொகையே பெற்றார். அவருக்கு விளையாட்டுக்களில் நம்பிக்கையில்லை. 2018 ஒக்டோபரில் அவர் சட்டத்தரணிகள் ஆறு கோடி சுலோட்டி கோரினர். ஒப்பந்தம் ஒப்பந்தமே என்று பலர் நகைத்தனர். பெற்ற ஊதியம் பிறர் அடைந்த பயனோடு ஒப்பிட மிகக் குறைந்ததாயின் எழுத்தாளன் நீதிமன்றத்தை நாடலாம் என்று போலந்துப் பதிப்புரிமைச் சட்டமே கூறுகிறது. அச்சட்டத்தை நியாயமானதென்றே கருதுகிறேன். 2019 டிசம்பரில் இரு சாராரும் புதிய உடன்பாடு செய்துகொண்டனர். மூன்றாவது விளையாட்டு ஐந்து கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றதென நிறுவனம் 2023இல் அறிவித்தது.

விளையாட்டுக்கள் தம் கதையின் தொடர்ச்சியல்ல என்பதே சப்கோவ்ஸ்கியின் நிலை. 2024 நவம்பரில், எழுபத்தாறாம் வயதில், அவர் மீண்டும் ஒரு கெரால்ட் நாவலை வெளியிட்டார். விளையாட்டார் கொண்டுபோன வழியில் அவர் செல்லவில்லை. அந்நாவலில் வரும் கெரால்ட், வேட்டைத் தொழிலுக்கு அப்போதுதான் புறப்பட்ட இளைஞன்.